முதல் விற்பனையாளர் செய்த ஐந்து தவறுகள்

இதயம் விரிந்தது. ஓரமெல்லாம் ஜிகினா மின்னும் சிவப்பு இதயம். அதன் நடுவிலிருந்து பெண்கள் போடும் கறுப்புக் கட் ஷூ ஒன்று சுழன்று சுழன்று வந்து நின்றதும் மேலேயிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. அறையிலிருந்த முப்பத்தோரு பேரும் களுக்கென்று சிரித்தார்கள். முப்பத்திரண்டாவது ஆளான இன்னாசிமுத்து மட்டும் முழங்கால்மேல் வைத்த கைகளை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இது முதல் சிரிப்பு. ஒன்பது வருஷமாக இதை அவர் கீழ்த்தளத்தில், யாருடைய பாதத்தையாவது கையில் ஏந்திக்கொண்டிருக்கும்போது, மாடிப்படி வழியாக இறங்கி வரக் கேட்டிருக்கிறார். புதிதாக ஆள் எடுக்கும்போதெல்லாம் ராஜகாந்தம் காலணியகத்தின் மூன்றாவது மாடியில் இந்த வீடியோவைப் போடுவார்கள். சிரிப்பை வைத்தே எந்த இடம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். சின்னச் சிரிப்பு இதயத்துக்கு. அடுத்த பெரிய சிரிப்பு அவருடைய குரலுக்கு. அதற்கடுத்து ஒரு விசில் வரும், அது அவர் முகத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும்போது. இருபத்து மூன்று வருஷம் இந்தச் சிங்காரத்தோப்புக் கடையில் குனிந்து குனிந்து முதுகு வளைந்த மனுஷனை இப்போது பிள்ளைகளோடு பிள்ளையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நீயும் பார்த்துப் பரீட்சை எழுது என்கிறார்கள். வருஷா வருஷம் இறங்கிவந்த விற்பனை கடந்த ஆறு மாதமாக அவர் பிரிவில் இன்னும் குறைவு. வந்தவர்களில் பாதிப்பேரை அவரே வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறார் என்று புகார். இன்றைக்கு இருபத்தைந்துக்குப் பதினைந்து வாங்கவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து அரியமங்கலம் குடோன். குடோனில் செருப்பு இருக்கும், கால் இருக்காது. பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டு சாகவேண்டியதுதான்.

கல்யாண வீடியோ எடுக்கிறவனைக் கூட்டிவந்து எடுத்தால் வேறு என்ன வரும். முதலாளியின் மருமகன் கல்யாணத்தை எடுத்தவன் அவன். மருமகனைக் கடையில் எல்லாரும் மாப்பிள்ளை சார் என்பார்கள், பெயர் சொல்லி இன்னாசிமுத்து கேட்டதே இல்லை. மாப்பிள்ளை சாருக்கு எங்கேயோ ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து ஒரு வேகம். பயிற்சி வீடியோ இல்லாத கடை கடையே இல்லை என்றார். ஒரு விடுமுறை நாளில் எல்லாரையும் வரச்சொன்னார். சரியான முறையில் விற்கிறவராகத் தானே நடிப்பதாகவும், தவறான முறையில் விற்கிறவராக இன்னாசி நடிக்கட்டும் என்றும் சொன்னபோது ஏன் நான் என்று இவர் கேட்கவில்லை. வீடியோக்காரன்தான் கேட்காமலே சொன்னான், அண்ணனுக்கு அந்த மூஞ்சி இருக்கு என்று. அந்த மூஞ்சி என்றால் எந்த மூஞ்சி? ஐந்து வருஷம் தொடர்ந்து தீபாவளிக்கு அதிகம் விற்றதாக மாலை போட்டார்களே, அப்போது இந்த மூஞ்சிதானே இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே ஆடத் தெரியாதவன் ஆடத் தெரிந்தவனைக் கோணல் என்று படம் பிடித்தும் வைத்துவிட்டான். திரையில் இப்போது வீணை வாசித்தது. வீணைக்கு நடுவில் மின்விசிறி கடகடத்தது. வாடிக்கையாளராக நடித்த தமயந்தி அக்கா படத்துக்குள் நடந்து வந்து, எங்கே நிற்பது என்று கேமராவுக்குப் பின்னால் யாரையோ கண்ணால் கேட்டு, நின்றார். அக்கா அப்போதும் இப்போதும் பில் போடும் மேஜையில் இருப்பவர். நெற்றியில் பெரிய பொட்டு, ஐம்பதை நெருங்கிய முகம், ஆனால் வாயைத் திறந்ததும், பிறகு சேர்த்த மாப்பிள்ளை சாரின் தங்கச்சி குரல் கிணுகிணுவென்று வந்தது. வாய் மூடிய பிறகும் வார்த்தை வந்துகொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த நிலோஃபர் என்கிற புதுப் பெண் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கல்லும் சிரிக்கும். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுங்காக எடுத்துத் தொலைத்திருந்தால் தூங்கியிருப்பார்கள், மறந்திருப்பார்கள். கேவலமாக எடுத்ததால் ஒன்பது வருஷமாக ஒருவரும் மறக்கவில்லை.

இதோ அவர் வந்துவிட்டார். மீசை கறுப்பாக, தலையில் முடியோடு, சாய்வு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் காலடியில் உட்காருகிறார். தவறான முறையில் வித்துக் காட்டுங்கண்ணே என்று வீடியோக்காரன் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. தவறாக எப்படி விற்பது? மூஞ்சியைச் சுளிக்கலாம், கொட்டாவி விடலாம், அதெல்லாம் செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஆனால் அக்கா காலை நீட்டினார், குதிகால் வந்து உள்ளங்கையில் விழுந்தது, அதற்குப் பிறகு கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனன்று மாதா கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். ஒரு வருஷம் அந்த வரிசையில் இன்னாசிமுத்துவும் இருந்தார். சாமியார் குதிகாலை ஏந்தாமல் விரல் நுனியைப் பிடித்து இரண்டு சொட்டு ஊற்றி, துண்டால் ஒற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனபோது, பக்தியாக இருக்கவேண்டிய நேரத்தில் இந்தச் சாமியாருக்கு ஒரு காலைப் பிடிக்கத் தெரியவில்லையே என்றுதான் தோன்றியது. காலைப் பிடித்தால் ஆள் தெரியும். யார் நின்றே வேலை செய்கிறவர், யார் போன மாதம் மெலிந்தவர், யாருக்குச் சர்க்கரை இருக்கிறது எல்லாம் தெரியும். அக்காவின் கால் தோல் உலர்ந்து, விரல்களில் சூடில்லாமல் இருந்தது. ஷூவைப் போட்டு, நுனியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அக்காவுக்கு அகலமான ஏழு வேண்டும், இது ஆறு. கேமராவும் மறந்துபோய், அண்ணாந்து பார்த்து, அக்கா இது வேண்டாங்க்கா, இது ஒங்களுக்கு ஆகாது, விரல் மடங்குது, புண்ணாயிரும் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் திரையில் மாப்பிள்ளை சாரின் கூட்டாளி ஒருத்தனுடைய கரகரத்த குரல், இதெல்லாம் உனக்கு ஆகாது, போம்மா போ, வேற கடையைப் பாரு என்று உறுமியது. பெரிய சிரிப்பு. உதடு வேண்டாங்க்கா என்கிறது, குரல் போம்மா என்கிறது. உதட்டைப் படிக்க அந்த அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். டொய்ங் என்று சிவப்புப் பெருக்கல் குறி அவர் முகத்தில் விழுந்தது, பின்வரிசையில் எவனோ விசில் அடித்தான். அடுத்தவன் வாயில் தன் குரலைத் திணிக்கிறவனுக்கு என்ன தண்டனை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

நிலோஃபர் திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக, அது நீங்களாண்ணே என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். ஏன் இல்லை என்றார் என்று அவருக்கே கோபம் வந்தது. இதற்குள் சரியான முறை தொடங்கிவிட்டது. இந்த முறை ஒரு இதயம் போதாதென்று இரண்டு. மாப்பிள்ளை சார் கோட்டு போட்டு, கும்பிட்டு, அக்காவை உட்காரவைக்கிறார். அந்தப் பக்கமாக ஒரு கை நீண்டு வந்து மேஜையிலிருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறது. மாப்பிள்ளை சார் காலைத் தொடமாட்டார், தொட்டால் என்ன ஆகிவிடுமோ. இரண்டு விரலால் ஷூக்களைத் தூக்கி அக்காவின் முன்னால் தரையில் வைக்கிறார். இடதை வலது காலுக்கு, வலதை இடது காலுக்கு. அன்றைக்கு அங்கே நின்ற பதினான்கு பேரும் செருப்பு விற்றுச் சாப்பிடுகிறவர்கள், பதினான்கு பேருக்கும் தெரிந்தது, ஒருவர் வாய் திறக்கவில்லை. அக்காவுக்கும் தெரிந்தது. முதலாளியின் மருமகன் கையால் வைத்ததை மாற்றிப் போட்டால் அவருக்கு அவமானமாகிவிடும் என்று, வைத்தது வைத்தபடியே கால்களை நுழைத்துக்கொண்டார். மூன்று வயதுப் பிள்ளை மாற்றிப் போட்டால் தாய் அடிப்பாள். இங்கே ஐம்பது வயதுப் பெண்மணி மாற்றிப் போட்டுக்கொண்டு, தாரா வாத்து மாதிரி நாலடி நடந்து, ஆஹா எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று இருபது வயதுக் குரலில் சொல்கிறார். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதோ என்று கேட்கிறார். மாப்பிள்ளை சார் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்து, மேடம், போடப் போட இளகிரும் என்கிறார். பச்சை நிறத்தில் சரி குறி. நம்பிக்கையூட்டும் வாசகம் என்று கீழே எழுத்து ஓடுகிறது. செருப்பு வியாபாரத்தின் ஆதிப் பொய் அது. அளவு இல்லாதபோது, இருப்பில் இல்லாதபோது, சாயங்காலமாகிவிட்டபோது எல்லாரும் சொல்கிற பொய். தோல் இளகும், ஆனால் அதற்கு முன்னால் கால் இளகிவிடும். இன்னாசிமுத்து அதைச் சொன்னதில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, வேளாங்கண்ணி மாதாமேல் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுவார். எந்த வாடிக்கையாளரிடமும். வாடிக்கையாளரிடம் என்று அழுத்திச் சொல்லிக்கொண்டபோது செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி ஒன்று நெருட, அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீடியோ எடுத்த சில மாதத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரும் மனைவி ஜெசிந்தாவும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். இடது காலில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை, கட்டுத்தான் இருந்தது. சர்க்கரை உள்ள காலுக்கு வலி தெரியாது, ஷூ கடித்துப் புண்ணாகி, புண் உள்ளே போய், வாடை வந்த பிறகுதான் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். அக்கா அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தன் வீட்டுக்காரரிடம், இந்தத் தம்பி அன்னைக்கே சொல்லுச்சுங்க, புண்ணாயிரும்னு, நான்தான் கேக்கல என்றார். ஜெசிந்தாவுக்கு ஒரே பெருமை. கோயில் பங்கில் அன்பிய ஜெபக் கூட்டத்தில்கூடச் சொன்னாள், எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாரு என்று. அன்னைக்கே சொன்னாரு. ஆமாம் சொன்னார். அவர் சொன்னதைத் திரித்து உறுமலாக்கி ஊர் சிரிக்க வைத்தவன் மாப்பிள்ளை சார், அந்த ஷூவைப் படப்பிடிப்பு முடிந்ததும் நடிப்புக்குப் பரிசு என்று பெட்டியில் போட்டு, எல்லாரையும் கைதட்டச் சொல்லி, போட்டோ எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான், தினமும் பில் மேஜையைத் தாண்டிப் போகும்போது ஷூ எப்படி இருக்கு என்று கேட்டுக் கேட்டு அக்காவைப் போடவைத்தவனும் அவன்தான். செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா என்று கேட்பார்கள், இங்கே தறித்தே விட்டார்கள், அதற்கு வீணை வாசித்துச் சரி குறி போட்டுப் பாடமும் நடத்துகிறார்கள். அந்தப் பெட்டி. போட்டோ எடுத்து முடிந்ததும் அக்கா அந்தப் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மாடிப்படியருகே வந்தாரே. வந்தார். சரி, வந்தார், போனார். மாப்பிள்ளை சார் நாலடி தள்ளிக் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் ஞாபகம் இருக்கிறது. பெட்டியின் மூடி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அக்கா மூடியைத் திறந்து காட்டி, இன்னாசி, நீ சொல்லு, இதை நான் போடலாமா என்று கேட்டார். போனில் பேச்சு நின்றது. மாப்பிள்ளை சார் திரும்பிப் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை, சும்மா. அந்தச் சும்மா பார்த்த பார்வைக்கு இன்னாசிமுத்து சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார், போடப் போட இளகிரும்க்கா என்று. அக்கா நம்பினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார், கேட்டது இவரிடம், சொன்னது இவர். அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்த வேண்டாம் நோய் பிடித்தது. கொஞ்சம் பிடித்தாலும் வேண்டாம், பார்க்க நன்றாயிருந்தாலும் வேண்டாம், வருகிறவர்களையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வேண்டாம் என்பதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் இத்தனை வேண்டாமும் வேண்டியிருந்திருக்காது. இன்னொன்று அவரை ராத்திரி பகல் அரித்தது. அக்காவுக்கு முதலில் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறதா, இல்லை, இரண்டாவது சொன்னதும் ஞாபகம் இருந்து, தெரிந்தே மறைத்து, வீட்டுக்காரர் முன்னால் காப்பாற்றினாரா? கேட்க ஒன்பது வருஷமாக நாக்கு வரவில்லை. கேட்காமல் மாப்பிள்ளை சாரைத் திட்டிக்கொண்டே காலம் போய்விட்டது. திட்டுவது சுலபமாக இருந்தது.

விளக்கைப் போட்டார்கள். பயிற்சியாளர் நிரஞ்சன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், முப்பது வயதுக்குமேல் இராது, சின்ன அறைக்கும் மைக் இல்லாமல் பேசமாட்டார். முதல் விற்பனையாளரின் பெரிய தவறு எது என்று கேட்டார். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியது என்று முன்வரிசை ஒரே குரலில் சொன்னது. இன்னாசிமுத்து எழுந்து நின்றார். இரண்டாவது ஆள் ஷூவை மாற்றி வைத்திருக்கிறார், இடது வலது பாருங்கள் என்று சொன்னார். நிரஞ்சன் சிரித்துக்கொண்டே வீடியோவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். அக்காவின் இரண்டு ஷூக்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் நின்றன. ஐயோ ஆமா என்று ஒருத்தி சொன்னாள், பிறகு கூரை இடியும்படி சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சிரிப்பு அந்தப் பக்கம் விழுந்தது. ஒரு நிமிஷம் அவருக்கு நெஞ்சு குளிர்ந்ததை மறைக்கவேண்டியதில்லை. நிரஞ்சன் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, நல்ல கவனிப்பு சார், ஆனா ஒண்ணு பாருங்க, மாத்திப் போட்டும் வாங்கிட்டாங்கல்ல, அதுதான் விற்பனை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நிலோஃபர்கூட அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இன்னாசிமுத்து உட்கார்ந்தார்.

தாள் வந்தது. ஒரே கேள்விக்கு இருபத்தைந்து மதிப்பெண். முதல் விற்பனையாளர் செய்த ஐந்து தவறுகளை எழுதுக. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்கள் போட்டு எதிரே கோடு இழுத்திருந்தார்கள். பதில்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காலைத் தொட்டது, முகத்தைப் பார்த்துப் புன்னகைக்காதது, அளவு சரியில்லை என்றது, வேறு மாடல் காட்டாதது, திருப்பி அனுப்பியது. ஐந்து வரி, இரண்டு நிமிஷம், பாதம் ஏந்துகிற வேலை கையை விட்டுப் போகாது. மூன்றாவதாக அளவு சரியில்லை என்றது என எழுதினால் போதும், அக்காவிடம் உண்மையைச் சொன்னது தப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். மாட்டேன் என்று பொங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தவருக்கு, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வீரமாக வெளியே நடந்தால் என்ன என்றும் தோன்றியது. வீரம்! அன்றைக்குச் சும்மா பார்த்த ஒரு பார்வைக்குச் சிரித்தவன் இன்றைக்குத் தாளைக் கிழித்தால் வீரனாகிவிடுவானா. கேள்வியை மறுபடி படித்தார். முதல் விற்பனையாளர் செய்த தவறு. கேள்வி என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஒன்றுக்கு எதிரே எழுதினார், மற்ற நான்கையும் அப்படியே விட்டார், முதல் ஆளாக எழுந்துபோய்த் தாளைக் கொடுத்தார். நிரஞ்சன் அங்கேயே படித்துப் பார்த்து, மைக்கை மேஜைமேல் வைத்தார்.

"சார், போடப் போட இளகிரும்னு சொன்னதுன்னு எழுதியிருக்கீங்க. அது ரெண்டாவது ஆள் சொன்னது. அது தப்பும் இல்ல, நம்பிக்கை வாசகம்."

"மொத ஆளும் சொன்னான் சார்."

"வீடியோல அப்படி வரலையே."

"வீடியோல வரல."

மற்ற நான்கையாவது எழுதுங்கள், நேரம் இருக்கிறது, ஏன் வீணாகக் குடோனுக்குப் போகிறீர்கள் என்று அந்தப் பையன் பாவம் தணிந்த குரலில் சொன்னார். நல்ல பையன்தான். இன்னாசிமுத்து வேண்டாம் என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இரண்டாவது மாடி, முதல் மாடி, ஒவ்வொரு படியிலும் கோபத்தைத் தேடிப் பார்த்தார். இவ்வளவு நேரம் கொதித்தது எங்கேயோ போய், பயம் மட்டும் நின்றது. கடை இன்னும் திறக்கவில்லை. பில் மேஜையில் தமயந்தி அக்கா மெஷினில் புதுக் காகிதச் சுருளை மாட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் கால்கள் ரப்பர் செருப்பில் இருந்தன. இடதில் முன்பக்கம் பஞ்சு வைத்திருந்தது, அதை வைத்துத் தைத்துக் கொடுத்தவர் இன்னாசிமுத்துதான், வருஷத்துக்கு இரண்டு ஜோடி. பரீட்சை முடிஞ்சுதா, பாஸா என்று அக்கா நிமிராமலே கேட்டார். இல்லை என்றார். அக்கா உச்சுக்கொட்டினார். திரும்பிப் போய்விடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அன்னைக்கு மாடிப்படிகிட்ட வச்சு நீங்க கேட்டப்ப, இளகிரும்னு நான் சொன்னேன்."

"ஆமா, சொன்னே."

"ஒங்களுக்கு அது ஞாபகம் இல்லைன்னு நெனச்சேன்."

அக்கா சுருளின் நுனியைப் பிடித்து இழுத்து மூடியை அழுத்தினார். மெஷின் ஒரு சாண் வெற்றுக் காகிதத்தைத் துப்பியது, அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கால் என்னோடதுப்பா, எனக்கு எப்படி மறக்கும்? நீயா வந்து சொல்லுவியான்னு ஒம்போது வருஷமா பாத்துக்கிட்டு இருந்தேன்."